பொது உணர்வும் பொது மனசாட்சியும்: வியட்நாம் போரை முன்வைத்து

(அண்ணல் அம்பேத்கர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணலின் நினைவு நாளில் போரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று, தலைப்பைக் கேட்ட நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்குப் பதிலாக ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். 'பொதுமக்கள்' என்கிற சொல். கோயில் திருவிழா அழைப்பிதழின் அடியில் 'இங்ஙனம், ஊர்ப் பொதுமக்கள்' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பொதுவில் சேரி இருக்காது. நாளிதழில் 'பொதுமக்கள் சாலை மறியல்' என்று வந்தால் அது ஊர். 'காலனி மக்கள் சாலை மறியல்' என்று வந்தால் அது நாம். நம்மைத் தனியே பிரித்து எழுதிய பிறகு மிச்சமிருப்பதுதான் இங்கே 'பொது'.

ஆகவே 'பொதுமக்கள் உணர்வு' என்று யாராவது சொன்னால், எந்தப் பொது, எந்த மக்கள் என்று கேட்பது நமக்குப் பழகிய கேள்வி. அந்தக் கேள்வியை இன்று ஒரு போரின் முன்னால் வைத்துப் பார்க்கப் போகிறேன். மக்களின் உணர்வு போரைத் தொடங்கவும் நிறுத்தவும் வல்லது என்கிறார்கள். உண்மைதானா? அப்படியானால், யாருடைய உணர்வு?

அண்ணல் செய்த வேறுபாடு

1952 டிசம்பர் 22 அன்று புனே மாவட்டச் சட்ட நூலகத்தில் அண்ணல் ஓர் உரை நிகழ்த்தினார். ஜனநாயகம் வெற்றிகரமாக நடப்பதற்கு என்னென்ன முன்நிபந்தனைகள் வேண்டும் என்பது பொருள். சமூகத்தில் அப்பட்டமான ஏற்றத்தாழ்வு கூடாது, எதிர்க்கட்சி வேண்டும், சட்டத்திலும் நிர்வாகத்திலும் சமத்துவம் வேண்டும், அரசமைப்புச் சட்ட ஒழுக்கம் வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், இறுதியாகப் பொது மனசாட்சி வேண்டும் என்றார். அநீதி யாருக்கு இழைக்கப்பட்டாலும் கொதித்து எழுவது, தனக்கு அந்தத் துன்பம் நேராவிட்டாலும் நேர்ந்தவரோடு போய் நிற்பது என்று அதற்கு விளக்கம் தந்தார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர்களுக்காகப் போராடிய வெள்ளைக்காரப் பாதிரியார் மைக்கேல் ஸ்காட்டை எடுத்துக்காட்டாகச் சொன்னார். பிறகு நம் நாட்டுக்குத் திரும்பி, தீண்டப்படாத மக்களுக்காக அப்படி எழுந்து நின்ற மற்றவர்கள் எங்கே என்று கேட்டார்.

பொது உணர்வு வேறு, பொது மனசாட்சி வேறு என்பது இந்த விளக்கத்துக்குள் இருக்கிறது. தன் வீட்டுக் கதவைத் துன்பம் தட்டும்போது எழுவது உணர்வு. அடுத்தவன் கதவைத் தட்டும்போதும் எழுவது மனசாட்சி. இரண்டும் ஒரே தெருவில் ஒரே முழக்கத்தோடு ஊர்வலம் போகலாம். ஆனால் ஆட்சியாளர்கள் இரண்டையும் வேறு வேறாகத்தான் கையாளுகிறார்கள். இதைத் தெளிவாகப் பார்க்க வியட்நாம் போரைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. மாதந்தோறும் மக்கள் கருத்தைக் கணக்கெடுத்தபடியே நடத்தப்பட்ட போர் அது.

போர் தொடங்கிய விதம்

1964 ஆகஸ்ட் 2 அன்று டாங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கும் வடவியட்நாமின் படகுகளுக்கும் மோதல் நடந்தது. ஆகஸ்ட் 4 அன்று இரண்டாவது தாக்குதலும் நடந்ததாக அதிபர் ஜான்சன் நாட்டுக்கு அறிவித்தார். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து வெளியான அமெரிக்க அரசின் ஆவணங்களே காட்டுகின்றன. ஆனால் ஆகஸ்ட் 7 அன்று, விருப்பம்போல் படை நடத்தும் அதிகாரத்தை அதிபருக்கு வழங்கும் தீர்மானம், கீழவையில் 416க்கு 0 என்ற கணக்கிலும் மேலவையில் 88க்கு 2 என்ற கணக்கிலும் நிறைவேறியது. மக்களிடமும் ஜான்சனின் செல்வாக்கு ஏறியது.

எந்த நாட்டிலும் போரின் முதல் வாரங்கள் இப்படித்தான். கேள்வி கேட்பவன் துரோகி ஆகிறான். எதிர்த்து வாக்களித்த அந்த இருவர், வெய்ன் மோர்ஸும் எர்னஸ்ட் குருனிங்கும், 1968 தேர்தலில் தங்கள் இடங்களை இழந்தார்கள். எனவே போரை மக்கள் விரும்பினார்கள் என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மக்களுக்கு எது தெரிந்திருந்ததோ அதை வைத்து விரும்பினார்கள். எது தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

யார் வீட்டுப் பிள்ளை போனான்?

1965 ஜூலை 28 அன்று ஜான்சன் ஒரு முடிவை அறிவித்தார். வியட்நாமில் இருக்கும் படையை 75,000த்திலிருந்து 1,25,000 ஆக உயர்த்துவது. அதற்காக மாதந்தோறும் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் இளைஞர்களின் எண்ணிக்கையை 17,000த்திலிருந்து 35,000 ஆக்குவது. ரிசர்வ் படையையும் தேசியக் காவல் படையையும் அப்போதைக்கு அழைக்காமல் விடுவது.

இந்த மூன்றாவது அம்சம் ராணுவக் கணக்கு மட்டும் அல்ல, அரசியல் கணக்கு. அந்தப் படைகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வேலையும் குடும்பமும் ஊர்ச் செல்வாக்கும் உள்ள வெள்ளையர்கள். தேசியக் காவல் படையில் கறுப்பினத்தவர் சுமார் 1 விழுக்காடுதான். அவர்களை அழைத்தால் ஒவ்வொரு ஊரிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் ஒரு நாற்காலி காலியாகும். நாடு விழித்துக்கொள்ளும். பொது உணர்வைப் பற்றிய பயம்தான் யாரைப் போருக்கு அனுப்புவது என்பதைத் தீர்மானித்தது.

கல்லூரியில் முழுநேரம் படிப்பவனுக்குக் கட்டாய ராணுவச் சேவையிலிருந்து விலக்கு உண்டு. குடும்ப மருத்துவரிடம் சான்றிதழ் வாங்க வழியுள்ளவனுக்கும் விலக்கு கிடைத்தது. யாருக்கு விலக்கு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தவை உள்ளூர்க் குழுக்கள். 1966இல் நாடு முழுவதும் இருந்த அந்தக் குழுக்களின் உறுப்பினர்களில் கறுப்பினத்தவர் 1.3 விழுக்காடு மட்டுமே. போரின் அந்தத் தொடக்க ஆண்டுகளில், மக்கள்தொகையில் 11 விழுக்காடாக இருந்த கறுப்பின மக்கள், இறந்த படைவீரர்களில் சுமார் 20 விழுக்காடாக இருந்தார்கள். இதற்குக் கண்டனம் எழுந்த பிறகு அந்த விகிதம் குறைந்தது. போர் முடிந்தபோது மொத்த இறப்பில் அவர்கள் பங்கு சுமார் 12 விழுக்காடு. ஆனால் வர்க்கக் கணக்கு மாறவில்லை. போருக்குப் போன சாதாரணப் படைவீரர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் உழைக்கும் குடும்பங்களையும் ஏழைக் குடும்பங்களையும் சேர்ந்தவர்கள் என்று வரலாற்றாசிரியர் கிறிஸ்டியன் ஆப்பி கணக்கிடுகிறார்.

முகமது அலியின் கதையை எல்லோரும் அறிவோம். அதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. 1964இல் படைக்கான அறிவுத்திறன் தேர்வில் அவர் தேறவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆள் தேவை கூடியதும் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். 1966 பிப்ரவரியில், மறுதேர்வு எதுவும் இல்லாமலேயே அவர் தகுதியானவர் ஆகிவிட்டார். அதே 1966 ஆகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா 'நூறாயிரம் பேர் திட்டம்' ஒன்றை அறிவித்தார். தேர்வில் தோற்ற ஏழை இளைஞர்களைப் படையில் சேர்த்துப் பயிற்சி தந்து முன்னேற்றுவதாகச் சொல்லப்பட்டது. 1971 வரை சுமார் 3,50,000 பேர் இப்படிச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் கறுப்பின இளைஞர்கள். வாக்களித்த பயிற்சி பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை. மற்ற வீரர்களைவிட அதிக விகிதத்தில் இறந்தார்கள்.

ஆள் தேவைப்படும்போது தகுதி வந்துவிடுகிறது. இது நமக்குத் தெரியாத கதையா? அண்ணலின் தந்தை ராம்ஜி, படையில் சுபேதாராக இருந்தவர். 1890களில் 'போர்க்குடிகள்' என்று ஒரு கொள்கையைச் சொல்லி மகர்களைச் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தினார்கள். 1917இல் உலகப் போருக்கு ஆள் வேண்டியிருந்தபோது 111ஆம் மகர் படையைத் திரட்டினார்கள். போர் முடிந்ததும், 1921இல், கலைத்தார்கள். அடுத்த உலகப் போர் வந்தபோது, 1941இல், மகர் ரெஜிமென்ட் உருவானது. அதற்காக அண்ணலே வாதாடினார். படை என்பது நம் மக்களுக்குச் சோறு, கல்வி, சீருடை தரும் மதிப்பு. சேரிக்கு வெளியே ஒரு வாசல். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் அப்படித்தான். ஆகவே ஏழைகள் படைக்குப் போனதை ஏமாளித்தனம் என்று நான் பேச மாட்டேன். வேறு வாசல்களைப் பூட்டிவிட்டு இந்த வாசலை மட்டும் திறந்து வைப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

முதலில் சொன்னவர்கள்

வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் என்றதும் நம் மனத்தில் வருவது நீண்ட முடி வளர்த்த கல்லூரி மாணவர்களின் படம். படித்தவர்கள் எதிர்த்தார்கள், படிக்காத தொழிலாளிகள் ஆதரித்தார்கள் என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். கருத்துக்கணிப்புகள் வேறு கதை சொல்கின்றன. 1971 ஜனவரியில், ஆண்டு முடிவதற்குள் படைகளைத் திருப்பி அழைக்க வேண்டுமா என்று கேலப் நிறுவனம் கேட்டது. ஆம் என்றவர்கள், கல்லூரிப் படிப்பு உள்ளவர்களில் 60 விழுக்காடு. உயர்நிலைப் பள்ளி வரை படித்தவர்களில் 75. தொடக்கக் கல்வியோடு நின்றவர்களில் 80. போர் நெடுகிலும் கறுப்பின மக்களும் பெண்களும் மற்றவர்களைவிடக் குறைவாகவே போரை ஆதரித்தார்கள்.

அவர்களின் எதிர்ப்பு ஊர்வலமாகவோ தொலைக்காட்சிப் படமாகவோ அதிகம் வரவில்லை. ஆகவே வரலாற்றிலும் வரவில்லை. சொன்னவர்கள் தண்டனையும் பெற்றார்கள். 1966 ஜனவரி 3 அன்று அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில், கடற்படையில் பணியாற்றித் திரும்பிய சாமி யங் என்ற 21 வயது கறுப்பின மாணவர், பெட்ரோல் நிலையம் ஒன்றில் வெள்ளையருக்கான கழிப்பறையைப் பயன்படுத்த முயன்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். மூன்று நாள் கழித்து, கறுப்பின மாணவர்களின் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு போரை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது. வியட்நாமில் சுதந்திரத்தைக் காக்கப் போவதாகச் சொல்லும் அரசு, இங்கே தன் குடிமகனைக் கழிப்பறை வாசலில் காக்கவில்லையே என்பதுதான் அதன் சாரம். அறிக்கையை ஆதரித்த ஜூலியன் பாண்ட், ஜார்ஜியா சட்டமன்றத்துக்கு முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவையில் உட்கார விடாமல் அவரைத் தடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவருக்கு இடம் கிடைத்தது.

அலி 1967 ஏப்ரல் 28 அன்று படையில் சேர மறுத்தார். பட்டம் போனது. ஐந்தாண்டுச் சிறைத் தண்டனையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1971இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. அதற்குள் அவருடைய குத்துச்சண்டை வாழ்வின் சிறந்த ஆண்டுகளில் மூன்றுக்கும் மேல் கழிந்துவிட்டன.

அலி மறுப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, 1967 ஏப்ரல் 4 அன்று, நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் மார்ட்டின் லூதர் கிங் போரை எதிர்த்து உரையாற்றினார். அமெரிக்க ஏழைகளுக்கான பணம் போரில் கரைவதைச் சொன்னார். அதோடு நிற்காமல், வியட்நாம் விவசாயியின் இடத்தில் நின்று அமெரிக்கக் குண்டுகளைப் பார்த்தார். இதைத்தான் பலராலும் பொறுக்க முடியவில்லை. நியூயார்க் டைம்ஸும் வாஷிங்டன் போஸ்ட்டும் தலையங்கத்தில் கண்டித்தன. மூத்த கறுப்பின உரிமை அமைப்பான என்ஏஏசிபியின் நிர்வாகக் குழு, குடியுரிமைப் போராட்டத்தையும் அமைதி இயக்கத்தையும் ஒன்றாக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. 'உன் மக்கள் பிரச்சினையை மட்டும் பேசு' என்பதுதான் எல்லோரும் அவருக்குச் சொன்னது. அண்ணல் கேட்ட பொது மனசாட்சிக்கு அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் தேடினால், நான் இந்த உரையைச் சொல்வேன். சரியாக ஓராண்டு கழித்து, அதே ஏப்ரல் 4 அன்று, கிங் கொல்லப்பட்டார்.

உணர்வு எண்ணாக மாறியபோது

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்ற கேள்வியை கேலப் நிறுவனம் திரும்பத் திரும்பக் கேட்டது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர்கள் 24 விழுக்காடு. 1967 அக்டோபரில் 47. 1968 ஆகஸ்டில் 53. 1971 மே மாதத்தில் 61. ஆறே ஆண்டுகளில் நாடு தலைகீழாகத் திரும்பியது.

எதனால்? அரசியல் அறிஞர் ஜான் முல்லர் 1973இல் வெளியிட்ட நூலில் கொரியா, வியட்நாம் ஆகிய இரு போர்களையும் ஒப்பிட்டார். பாதிக்கப்பட்ட அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை பத்து மடங்கு ஆகும்போதெல்லாம் போருக்கான ஆதரவு சுமார் 15 புள்ளி சரிந்தது என்று காட்டினார். அதாவது நூறு ஆயிரமாகும்போது எவ்வளவு சரிவோ, ஆயிரம் பத்தாயிரமாகும்போதும் அவ்வளவே. முதல் சடலங்கள் உலுக்குகின்றன. பிறகு மனம் மரத்துப்போகிறது. சமூகவியல் மாணவர்கள் இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வியட்நாமில் இறந்தவர்கள் இந்தச் சமன்பாட்டில் இல்லவே இல்லை. முல்லரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவர் அளந்த பொது உணர்வில் அவர்கள் இல்லை.

1968 ஜனவரி இறுதியில் டெட் தாக்குதல் நடந்தது. போர் முடியப்போகிறது என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தபோது, தென்வியட்நாமின் நகரங்கள் எங்கும் ஒரே நேரத்தில் சண்டை வெடித்தது. அதன்பின் தளபதிகள் மேலும் 2,06,000 வீரர்களைக் கேட்ட செய்தி மார்ச் 10 அன்று வெளியானது. மார்ச் 12 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தல். பதவியில் இருக்கும் அதிபருக்கு 49 விழுக்காடு. போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்திக்கு 42. மார்ச் 31 அன்று வடவியட்நாமின் பெரும்பகுதியில் குண்டுவீச்சை நிறுத்துவதாக அறிவித்த ஜான்சன், அதே உரையில், தான் மறுபடி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

பொது உணர்வு ஓர் அதிபரை வீழ்த்தியது என்று இதைச் சொல்கிறோம். சரிதான். ஆனால் பின்னால் வந்த ஆய்வு ஒன்று, நியூ ஹாம்ப்ஷயரில் மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில், ஜான்சன் போதுமான அளவு கடுமையாகப் போரிடவில்லை என்று கோபப்பட்டவர்களே அதிகம் என்று காட்டியது. அவர்கள் போர் வேண்டாம் என்றவர்கள் அல்லர். வெற்றி இல்லாத போர் வேண்டாம் என்றவர்கள். சலிப்பும் எதிர்ப்பும் ஒரே பெட்டியில் விழுந்த வாக்குகளாகிவிட்டன. மக்களின் உணர்வு கோபத்தைக் காட்டும். அது எதற்கான கோபம் என்று அதுவாகச் சொல்லாது. அதற்குப் பெயர் சூட்டுபவன் அரசியல்வாதி.

நிக்சன் கற்ற பாடம்

அப்படிப் பெயர் சூட்டுவதில் வல்லவர் நிக்சன். 1969 அக்டோபர் 15 அன்று நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் வேலை நிறுத்தி, வகுப்பு நிறுத்தி, மெழுகுவத்தி ஏந்திப் போரை எதிர்த்தார்கள். நவம்பர் 3 அன்று நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, தெருவுக்கு வராத 'மௌனப் பெரும்பான்மை' தன் பக்கம் இருப்பதாகச் சொன்னார். பேசாதவர்களின் பேச்சைத் தானே பேசிக்கொண்டார். ஊர்க் கூட்டத்தில் நாட்டாமை 'எல்லாருக்கும் சம்மதம்தானே' என்று கேட்டுவிட்டு எழுந்து போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த உத்தி புரியும்.

ஆனாலும் அந்த அக்டோபர் 15 வீண்போகவில்லை. நவம்பர் 1க்குள் பணியாவிட்டால் கடும் தாக்குதல் என்று ஹனோய்க்கு நிக்சன் ரகசியமாகக் கெடு வைத்திருந்தார். தலைநகரின் மீது குண்டுவீச்சு, ஹைபாங் துறைமுகத்தில் கண்ணிவெடி எனத் திட்டம் தயாராக இருந்தது. அதை அப்போது நிறைவேற்றவில்லை. அந்த எதிர்ப்பு நாள் தன் மிரட்டலின் வலுவைக் குலைத்துவிட்டது என்று பின்னாளில் தன் நினைவுக் குறிப்புகளில் நிக்சனே எழுதினார். மெழுகுவத்தி பிடித்து நின்ற எவருக்கும், தாங்கள் ஒரு தாக்குதலைத் தள்ளிப்போட உதவினோம் என்று அன்று தெரியாது. தெருவில் நின்று என்ன பயன் என்று கேட்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நிக்சன் கற்ற பாடம் வேறு. நாட்டைக் கோபப்படுத்துவது போரா, சவப்பெட்டிகளா? சவப்பெட்டிகள்தான் என்று அவர் கண்டுகொண்டார். 1969இல் 5,43,000 வரை உயர்ந்திருந்த படையை, 1971 இறுதிக்குள் 1,57,000 அளவுக்குக் குறைத்தார். 1968இல் கிட்டத்தட்ட 16,900 அமெரிக்கர்கள் இறந்தார்கள். 1971இல் சுமார் 2,400 பேர். அதே காலத்தில் வானிலிருந்து குண்டுகள் விழுந்தபடியே இருந்தன. கம்போடியாவுக்கும் போர் பரவியது. லாவோஸ் மீது மட்டும் 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கும் மேல் குண்டுகள் வீசப்பட்டன. துன்பம் குறையவில்லை. கணக்கில் வரும் வீடுகளிலிருந்து கணக்கில் வராத வீடுகளுக்கு மாற்றப்பட்டது. அமெரிக்கர்கள் 58,000 பேர் இறந்த அந்தப் போரில், 20 லட்சம் பொதுமக்களும் 11 லட்சம் போராளிகளும் இறந்ததாக வியட்நாம் அரசு 1995இல் கணக்கிட்டது.

1973 ஜனவரி 27 அன்று பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. அன்றே, இனிக் கட்டாயமாக ஆள் எடுப்பதில்லை என்று பாதுகாப்பு அமைச்சர் அறிவித்தார். அது மக்களின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆனால் சம்பளத்துக்கு விரும்பிச் சேர்பவர்களின் படை என்றான பிறகு, பெரும்பான்மை வீடுகளுக்குப் போர் தொலைக்காட்சிச் செய்தியாகிவிட்டது. 1991 முதல் 2009 வரை, டோவர் விமானத் தளத்தில் வந்திறங்கும் சவப்பெட்டிகளைப் படமெடுக்கவே தடை இருந்தது. 2003 பிப்ரவரி 15 அன்று உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களில் மக்கள் ஈராக் போரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஐந்து வாரங்களுக்குள் போர் தொடங்கிவிட்டது.

இரண்டு கல்லூரிகளும் ஒரு தீர்ப்பும்

1970 மே 4 அன்று ஒகையோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில், கம்போடியாவுக்குள் படை நுழைந்ததை எதிர்த்த மாணவர்கள் மீது தேசியக் காவல் படை சுட்டது. நால்வர் இறந்தார்கள். நால்வரும் வெள்ளையர்கள். நாடு அதிர்ந்தது. நூற்றுக்கணக்கான கல்லூரிகள் மூடப்பட்டன. உயிரற்ற உடலருகே மண்டியிட்டுக் கதறும் பெண்ணின் புகைப்படம் உலகைச் சுற்றியது.

பத்து நாள் கழித்து, மே 14 நள்ளிரவு தாண்டிய நேரத்தில், மிசிசிபியின் ஜாக்சன் மாநிலக் கல்லூரியில் ஒரு மாணவியர் விடுதியை நோக்கிக் காவல்துறை நூற்றுக்கணக்கான குண்டுகளைச் சுட்டது. இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். பன்னிரண்டு பேர் காயமடைந்தார்கள். அதற்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1968 பிப்ரவரி 8 அன்று தென் கரோலினாவின் ஆரஞ்ச்பர்க்கில், வெள்ளையருக்கு மட்டுமான விளையாட்டுக்கூடத்தை எதிர்த்துப் போராடிய மாணவர்களில் மூன்று கறுப்பின இளைஞர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றிருந்தது. கென்ட் பெயரைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஜாக்சனும் ஆரஞ்ச்பர்க்கும் தெரியும்? துப்பாக்கிகள் ஒன்றுதான், மாணவர்களும் ஒன்றுதான். பொது உணர்வு ஒன்றாக இல்லை.

பொது உணர்வு கொலைகாரன் பக்கமும் நிற்கும். 1968 மார்ச் 16 அன்று மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும் நூற்றுக்கணக்கில் கொன்றார்கள். வியட்நாம் கணக்கில் 504 பேர். 1971 மார்ச் 29 அன்று லெப்டினன்ட் வில்லியம் கேலி, 22 பேரைக் கொன்ற குற்றவாளி என்று தீர்ப்பானது. ஆயுள் தண்டனை. கேலப் கேட்டபோது 79 விழுக்காட்டினர் தீர்ப்பை ஏற்கவில்லை. மேலதிகாரிகளை விட்டுவிட்டு ஒருவனை மட்டும் தண்டிப்பதா என்று கேட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் வெள்ளை மாளிகையில் குவிந்த தந்திகளில் அந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்கு இடமில்லை. மூன்றே நாளில் கேலியைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்ற நிக்சன் உத்தரவிட்டார். 1974இல் கேலி விடுதலையானார்.

அன்று அதே மை லாயில் ஹெலிகாப்டர் ஓட்டி வந்த ஹ்யூ தாம்சன், தன் படையினருக்கும் கிராமத்தினருக்கும் நடுவே வண்டியை இறக்கிச் சிலரைக் காப்பாற்றினார். நாட்டில் அவருக்குக் கிடைத்தது வசையும் கொலைமிரட்டலும். 1998இல்தான் பதக்கம் கொடுத்தார்கள். கேலிக்குப் பொது உணர்வு இருந்தது. தாம்சனுக்கு மனசாட்சி மட்டும் இருந்தது.

நமக்கான கேள்வி

மை லாய் நடந்த அதே 1968இன் டிசம்பர் 25 அன்றுதான் கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973இல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தபோது நாடு கொதித்ததா? புனேயில் அண்ணல் கேட்ட கேள்விக்கு அது ஒரு பதில்.

1972இல் மும்பையில் நாம்தேவ் தசால், ஜே.வி.பவார், ராஜா தாலே போன்ற இளைஞர்கள் அமைத்த தலித் பேந்தர்ஸ் இயக்கம், அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. அந்தக் கறுப்புச் சிறுத்தைகளின் 1966ஆம் ஆண்டுப் பத்து அம்சத் திட்டத்தில் ஆறாவது அம்சம், கறுப்பின ஆண்களுக்கு ராணுவச் சேவையிலிருந்து விலக்கு கேட்பது. தங்களைக் காக்காத அரசுக்காக, தங்களைப் போலவே ஒடுக்கப்பட்ட இன்னொரு மக்களைக் கொல்ல மாட்டோம் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. பெயரோடு அந்த எண்ணத்தையும் நாம் எடுத்துக்கொண்டோமா என்பதே என் கேள்வி.

ஏனென்றால், மற்றவர்களுக்குப் பொது மனசாட்சி இல்லை என்று சொல்வது நமக்கு எளிது. மலக்குழிக்குள் இறங்கி அருந்ததியர் தோழர் ஒருவர் மூச்சடைத்துச் சாகும்போது, நம்மிலேயே மற்ற சாதியினர் எத்தனை பேர் அந்தத் தெருவுக்குப் போகிறோம்? நம் சாதிக்காரர் இறந்தால் ஒட்டும் சுவரொட்டியை அவருக்கு ஒட்டுகிறோமா? நானும் இந்தக் கேள்விக்கு வெளியே நிற்பவன் அல்ல. போகாமல் இருந்த நாட்கள் எனக்கும் உண்டு. பொது உணர்வின் நோய் ஊருக்கு மட்டும் உரியதல்ல. சேரிக்குள்ளும் தெருத் தெருவாக அது இருக்கிறது.

வியட்நாம் போர் நமக்குச் சொல்வது இதுதான். மக்களின் உணர்வுக்கு வலிமை உண்டு. அது அதிபர்களை இறக்கும், தாக்குதல்களைத் தள்ளிப்போடும், சட்டங்களை மாற்றும். ஆகவே தெருவை விட்டுவிடக் கூடாது. ஆனால் சொந்த வலியை மட்டும் அறிந்த உணர்வை ஆட்சியாளர்கள் எளிதில் சமாளித்துவிடுகிறார்கள். வலியைக் கணக்கில் வராதவர்களின் வீட்டுக்கு மாற்றினால் போதும், ஊர் அமைதியாகிவிடும். யாருடைய வலியானாலும் எழுகிற மனசாட்சியிடம் இந்தத் தந்திரம் பலிக்காது. வலியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது பின்தொடர்ந்து போகும்.

எழுத்தாளர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் கடைசியாக ஒன்று சொல்கிறேன். எண்கள் மனத்தை மரக்கச் செய்யும் என்பதை முல்லரின் கணக்கில் பார்த்தோம். தனி ஒருவரின் பெயரும் முகமும் வீடும் அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் சவப்பெட்டிகளைப் படமெடுக்கத் தடை போடுகிறார்கள். கணக்கில் வராதவர்களின் முகத்தைப் பொதுவின் முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையைத்தான் தலித் இலக்கியம் இத்தனை காலமும் செய்து வந்திருக்கிறது. நம் முகத்தை எழுதினோம். அதை நிறுத்த வேண்டாம். கூடவே, நமக்கும் கணக்கில் வராமல் போனவர்களின் முகத்தையும் எழுதத் தொடங்குவோம். அண்ணல் கேட்ட பொது மனசாட்சியை நாமே முதலில் உருவாக்கிக் காட்டுவோம். அப்போது அந்தத் திருவிழா அழைப்பிதழின் அடியில் உள்ள 'பொதுமக்கள்' என்ற சொல்லைத் திருத்தி எழுதும் தகுதி நமக்கு வரும்.